கருவூரில் உயிர்விட்ட சோழனும் பேர் தெரியாத ஒரு சடைத்தலையும்

கரூர் பசுபதீஸ்வரர் கோயிலுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கொடிமரத்தடியில் விழுந்து கும்பிட்டுவிட்டு நேராக உள்ளே போய்விடுவார்கள். எங்கள் அப்பிச்சி (அம்மாவின் அப்பா) அப்படி விடமாட்டார். கையைப் பிடித்து நிறுத்தி, கொடிமரத்தில் இருக்கும் ஒரு சின்னச் சிற்பத்தைக் காட்டுவார். தட்டில் ஒரு தலையை ஏந்தி நிற்கிற உருவம். "ஆருங்கப்பிச்சி அது?" என்று கேட்டேன். "புகழ்ச்சோழ ராசா, கண்ணு" என்றார். நான் கேட்டது தட்டில் இருந்த தலையைப் பற்றி. அதைச் சொன்னதும் கொஞ்சம் யோசித்துவிட்டு, "அது ஆருன்னு ஆருக்குமே தெரியாது சாமி" என்றார்.

அப்பிச்சி போய்ப் பல வருசம் ஆகிவிட்டது. அந்தத் தலை மட்டும் என்னை விடவே இல்லை.

அறுபத்துமூன்று நாயன்மாரில் ஒருவரான புகழ்ச்சோழர் உறையூரில் இருந்து ஆண்டவர். கொங்கு மன்னர்களும் மேற்கே இருந்த மன்னர்களும் கட்டவேண்டிய திறையை, அதாவது கப்பத்தை, வாங்குவதற்காகக் கருவூருக்கு (இன்றைய கரூருக்கு) வந்து தங்கினார் என்கிறது பெரியபுராணம். வந்தவுடன் ஆனிலைக் கோயிலில் (அதுதான் இந்தப் பசுபதீஸ்வரர் கோயில்) கும்பிட்டுவிட்டுத்தான் அரண்மனைக்கே போகிறார். பொன், மணி, யானை, குதிரை என்று எல்லாரும் கொண்டுவந்து குவிக்க, திறை கட்டாதவன் யாராவது உண்டா என்று கேட்கிறார். அதிகன் ஒருத்தன் கட்டவில்லை, பக்கத்திலேயே மலையரணில் இருக்கிறான் என்கிறார்கள் அமைச்சர்கள். அந்த அரணை இடித்துவிட்டு வாருங்கள் என்று உத்தரவு போகிறது.

இதே கருவூரில், இதே ராசாவோடு சேர்ந்த இன்னொரு கதையையும் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் அவர் எப்படிப்பட்டவர் என்பது புரியாது. சிவகாமியாண்டார் என்ற வயசான அடியார் சாமிக்குப் பூக்குடலை எடுத்துப் போகிறார். மகாநவமிக்கு முந்தின நாள் அது. ஆற்றில் குளிப்பாட்டிக் கூட்டிவந்த பட்டத்து யானை குடலையைப் பறித்துப் பூவைக் கொட்டிவிடுகிறது. ஓடித் துரத்த முடியாமல் அவர் கீழே விழுந்து "சிவதா, சிவதா" என்று கதறுகிறார். அந்தச் சத்தம் கேட்டு வந்த எறிபத்தர் என்ற இன்னொரு நாயனார் மழுவால் (கோடரியால்) யானையை வெட்டிச் சாய்த்து, மேலே இருந்த பாகர் இருவரையும் கூட வந்த குத்துக்கோற்காரர் மூவரையும் வெட்டிவிட்டார். படையோடு வந்த ராசா நடந்ததைக் கேட்டதும், யானையும் பாகரும் செத்தது போதாது, என்னையும் கொல்ல வேண்டும், உங்கள் மழு அதற்கு வேண்டாம், இதோ என் வாள் என்று நீட்டுகிறார். வாங்காவிட்டால் இந்த மனுசன் தானே வெட்டிக்கொள்வார் என்று பயந்து வாங்கிய எறிபத்தர், இப்படி ஒருவருக்குத் துன்பம் வைத்தேனே என்று அந்த வாளைத் தன் கழுத்திலேயே வைக்கிறார். ராசா பாய்ந்து கையைப் பிடிக்கிறார். அப்புறம் வானத்தில் குரல் கேட்டதும் யானையும் ஐந்து பேரும் எழுந்ததும் எல்லாருக்கும் தெரிந்ததுதான். நவராத்திரி அஷ்டமியில் கரூரில் நடக்கிற பூக்குடலை விழா இந்தக் கதைக்காகத்தான். (அடியார்களை வரிசையாகக் கும்பிட்டுப் பாடிய திருத்தொண்டத்தொகையில் சுந்தரர் எறிபத்தரை "இலைமலிந்த வேல்நம்பி" என்கிறார். பிறகு பெரியபுராணம் பாடிய சேக்கிழார் கையில் அது மழுவாகிவிட்டது. அந்த வேல் எங்கே போனது என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன்.)

சரி, அதிகன் கோட்டைக்கு வருவோம். சோழப்படை மதிலை உடைத்தது. அதிகன் அரணை விட்டுக் காட்டுக்குள் ஓடிவிட்டான். திறை கட்டமாட்டேன் என்றவன் தப்பித்துவிட்டான், அவனுக்காக மதிலில் நின்றவர்கள்தான் செத்தார்கள். வெட்டிய தலைகளைக் குவியல் குவியலாகக் கருவூருக்குக் கொண்டுவந்து ராசா முன்னால் கொட்டினார்கள். அந்தக் குவியலில் ஒரு தலையில் சிவனடியாருக்கு அடையாளமான சடை இருந்தது.

ஜெயித்த ராசா ஒவ்வொரு தலையாகவா பார்ப்பான்? இவர் பார்த்தார். பார்த்ததும் நடுங்கிப் போனார். சிவனடியார் ஒருவரைக் கொன்றுவிட்டு நானா நாடாள்வது என்று அழுது, மகனுக்கு முடிசூட்டச் சொல்லிவிட்டு, தீ மூட்டச் சொன்னார். உடம்பெல்லாம் திருநீறு பூசி, அந்தத் தலையைப் பொற்தட்டில் வைத்துத் தன் தலைமேல் தாங்கி, தீயை வலம் வந்து, ஐந்தெழுத்தைச் சொல்லிக்கொண்டே உள்ளே இறங்கினார். "பொழிற் கருவூர்த் துஞ்சிய புகழ்ச்சோழன்" என்று சுந்தரர் பாடுவது இதைத்தான். ராசா எங்கே செத்தார் என்பதை வைத்தே பேர் சொல்வது சங்கப் பாட்டுக்காலத்துப் பழக்கம். பெருமைப்பட எத்தனையோ வெற்றி இருந்தவருக்கு எங்கள் ஊர்ச் சாவுதான் அடைமொழியாக நின்றது.

நாம் இந்தக் கதையை எப்போதும் சோழர் பக்கம் நின்றே கேட்கிறோம். திறை கேட்கப்பட்டது நம் மண்ணில். அந்தச் சடைக்காரர் சோழனை எதிர்த்து நின்ற மலைக்கோட்டையின் ஆள். காலையில் திருநீறு பூசி ஐந்தெழுத்து சொல்லிவிட்டு, உப்பிட்ட அதிகனுக்காக மதிலில் ஏறியிருப்பார் என்று நினைத்துக்கொள்கிறேன். எதிரே வந்த படையும் சிவனைக் கும்பிடுகிற ராசாவின் படைதான் என்று அவருக்குத் தெரிந்திருக்குமா? போர்வீரரான அடியார் என்று யாராவது சொன்னால் மழு பிடித்த எறிபத்தரையோ வாள் நீட்டிய புகழ்ச்சோழரையோ விட எனக்கு முதலில் ஞாபகம் வருவது இவர்தான்.

தருமபுரிப் பக்கம் போனால் சண்டையில் செத்தவர்களுக்கு நட்ட கல்லை வேடியப்பன் என்று இன்றைக்கும் கும்பிடுகிறார்கள். பல கல்லில் வீரனுடைய பேர், யாருக்காகச் செத்தான், எந்த ராசா காலம் எல்லாம் வெட்டியிருக்கும். இவருக்கு அந்த ஒரு கல்கூட இல்லை. அறுபத்துமூவர் வரிசையிலும் இடம் இல்லை. ஆனால் தொண்டத்தொகையில் தனித்தனிப் பேர் இல்லாத ஒன்பது கூட்டத்தையும் சுந்தரர் கும்பிட்டிருக்கிறாரே, அதில் ஒன்று "அப்பாலும் அடிச்சார்ந்த அடியார்". தமிழ்நாட்டு எல்லைக்கு அப்பால் இருந்தவர்கள், பாட்டில் வரும் அடியார்கள் காலத்துக்கு முன்னும் பின்னும் இருந்தவர்கள் என்று சேக்கிழார் அதற்குப் பொருள் சொல்கிறார். இலக்கணப்படி சரியோ இல்லையோ, நான் அந்தச் சடைக்காரரை அங்கேதான் வைத்திருக்கிறேன்.

புகழ்ச்சோழர் குருபூசை ஆடிக் கிருத்திகை. அன்றைக்கு ஊரே முருகன் கோயிலுக்குப் போய்விடும். நானும் மலைக்குப் போய்விட்டு, சாயங்காலம் ஆனிலைக்கு வந்து கொடிமரத்தடியில் கொஞ்சம் அரளிப்பூ வைப்பேன். அங்கே நிற்கிற ராசாவுக்கு என்றுதான் பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தட்டில் இருக்கிறவருக்குத்தான் வைக்கிறேன்.