கொழுந்துக் கூடையும் கணினிப் பார்வையும்

சாரதியற்ற வாகனங்களின் கணினிப் பார்வையை, அதாவது கமராப் படத்தில் இருப்பதைக் கணினி அடையாளம் காணும் முறையை, பாதுகாப்பானதாக்கும் ஆய்வுக் குழுவில் சேர்ந்த முதல் ஆண்டில், யாரோ ஒருவர் திட்டமிட்டுச் செய்யும் ஏமாற்றுகளைப் பற்றியே அதிகம் வாசித்தேன். படத்தில் கண்ணுக்குப் புலப்படாத சிறு மாற்றம் செய்தாலே, படங்களைப் பார்த்துப் பயிலும் கணினி நிரலான நரம்பு வலையமைப்பு தடுமாறிவிடும் என்பதை 2013இல் கிறிஸ்டியன் செகெடியும் அவருடைய சக ஆய்வாளர்களும் காட்டினார்கள். 2018இல் வெளியான வேறோர் ஆய்வில், 'நிறுத்து' பலகையில் ஒட்டிய சில கறுப்பு வெள்ளைத் துண்டுகள் அதனை வேகக் கட்டுப்பாட்டுப் பலகையாகக் கணினிக்குக் காட்டின.

பிறகு இலங்கை மலையகத்தில், ஹட்டனிலிருந்து நுவரெலியா வரை வேனில் கமரா பொருத்திப் பதிவுசெய்தோம். தலவாக்கலையைத் தாண்டிய ஒரு வளைவில், பறித்த தேயிலைக் கொழுந்தை நிறுவையில் கொடுத்துவிட்டு வீதியோரமாக வந்த பெண்கள் மூவரில் ஒருவரைக்கூட எங்கள் மாடல் (நாங்கள் பயிற்றிய நரம்பு வலையமைப்பு) மனிதராக அடையாளம் காணவில்லை. பின்னால் வந்த பாடசாலைப் பிள்ளைகளை மட்டும் மனிதர் என்று சரியாகச் சுற்றிப் பெட்டியிட்டிருந்தது. நெற்றியில் கயிறு, முதுகில் கூடை, இடுப்பில் சுற்றிய படங்குத் துணி என்ற அந்தக் கோலத்தில்தான் என் அம்மாவும் பல ஆண்டுகள் நடந்தார். அன்று மாலை அந்தப் பதிவை நான் பலமுறை ஓட்டிப் பார்த்தேன்.

ஜெர்மனியிலும் அதை அண்டிய நாடுகளிலுமாக 50 நகரங்களில் எடுக்கப்பட்ட, சிட்டிஸ்கேப்ஸ் என்ற வீதிப் படத் தொகுப்பில்தான் எங்கள் மாடல் பயின்றிருந்தது; அந்த வீதிகளில் கூடை சுமந்த உருவம் எங்கிருந்து வரும்? பனிமூட்டமும் அப்படித்தான். அதே படங்களின் மீது கணக்கிட்டுச் சேர்க்கப்படும் செயற்கைப் பனி, தூரம் கூடக் கூட ஒரே சீராக அடர்கிறது. நானுஓயாவில் பனி பள்ளத்திலிருந்து திட்டுத் திட்டாக ஏறி, ஒரு வளைவை முழுதாக மூடிவிட்டு அடுத்ததைத் தெளிவாக விட்டுவிடும்.

இது தரவுக் குறைபாடு, பாதுகாப்பு ஆய்வில் சேராது என்று குழுவில் சிலர் கருதினார்கள். நான் ஏற்கவில்லை. கணினி காணத் தவறும் உருவம் எது என்று தெரிந்துகொண்டவருக்கு ஒட்டுத்துண்டே தேவையில்லை. அதே ஓட்டை வழியாக, எவருடைய தீய எண்ணமும் இல்லாமலே, ஒரு தொழிலாளியின் உயிரும் போகலாம்.

இப்போது அந்தப் பதிவுகளை நாங்களே கையால் குறியிடுகிறோம். கூடையை ஆளின் பெட்டிக்குள் சேர்ப்பதா, தனிப்பொருளாக விடுவதா என்ற வாதம் இரண்டு வாரம் நீடித்தது. கூடையில் வாகனம் உரசினாலும் விழப்போவது அவர்தான் என்பதால், சேர்க்கவேண்டும் என்று நின்றேன், அப்படியே முடிவானது. தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் வட்டவளைப் பக்கம் அடுத்த பதிவுக்குப் போகிறோம்.