கோலார் தங்கவயல்: கீழே இறங்கியவர்களின் ஊர்

கர்நாடகத்தில் தங்கச் சுரங்கத்தால் உருவான நம் ஊரைப் பற்றி யார் எழுதினாலும் 'குட்டி இங்கிலாந்து' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம், குளிர்ந்த காற்று. எல்லாம் இருந்தது உண்மைதான். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வளர்ந்தது லைன் வீடுகளில், அதாவது தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய சின்ன வீடுகளில். வெளிநாட்டில் பிறந்த நம் பிள்ளைகள் ஊர்ப் பெயரைத் தேடிப் பார்த்தால் பங்களாக்களின் படங்களே முதலில் வருகின்றன. அதனால்தான் நம் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டதும் அந்த இன்னொரு ஊரைப் பற்றி எழுத உட்கார்ந்தேன்.

1802-ல் ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இந்தப் பக்கம் வந்தபோதே, இங்கிருந்த கிராமத்து ஜனங்கள் மண்ணை அலசிப் பொன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அவர் எழுதிவைத்ததைப் பிற்பாடு படித்த மைக்கேல் லாவெல் என்பவர் 1875-ல் மைசூர் அரசிடம் தோண்டும் உரிமை வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் என்ற பிரிட்டிஷ் சுரங்கக் கம்பெனி வந்தது. அதற்கப்புறம்தான் ஊர் என்ற ஒன்று உருவானது. வட ஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து சேர்ந்தார்கள். பெரும்பாலோர் சொந்தமாக ஒரு குழி நிலம்கூட இல்லாத தலித் மக்கள். "அங்கே கூலிக்குப் பதிலா கூழு, இங்கே கையிலே காசு" என்று என் ஆயா சொல்வார். காசு வந்தது, ஆனால் குடியிருப்பு மூங்கில் தட்டி வீடுதான். 1902-ல் காவிரிக்கரையில் உள்ள சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறக்குறைய 150 கிலோமீட்டர் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருக்கே அது 1905-ல்தான் கிடைத்தது. இந்தப் பெருமையைச் சொல்லும்போது தட்டி வீட்டையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பா சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் டிம்பர்மேன். வெட்டி எடுத்த இடத்தில் மேல்பாறை சரியாமல் மரத்தால் முட்டுக்கொடுக்கிற வேலை. சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. ஆழத்தில் பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். குளிரூட்டிய காற்றை மேலிருந்து அனுப்பினாலும், ஷிப்ட் முடிந்து வருகிறவரின் சட்டையைப் பிழிந்தால் தண்ணீர் சொட்டும். அதைவிட எங்களுக்குப் பயம் பாறை வெடிப்புதான். அவ்வளவு ஆழத்தில் வெட்டவெட்ட, சுற்றியுள்ள பாறை மேலிருக்கும் பாரத்தைத் தாங்காமல் திடீரென்று நொறுங்கும். வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது தரை ஒரு உதறு உதறும், ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். எங்கள் கணக்கு வாத்தியார் சாக்பீஸைக் கீழே வைத்துவிடுவார். எந்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள் இறங்கும் செங்குத்துக் குழி), எந்த ஷிப்ட் என்று தகவல் வருகிறவரை யாருக்கும் பாடம் ஓடாது. அந்த அறையில் இருந்த எல்லோருடைய அப்பாவோ மாமாவோ அண்ணனோ அப்போது கீழே இருந்திருக்கலாம். வெடிப்பில் தப்பியவர்களையும் தூசி விடவில்லை. நுரையீரலில் சிலிக்கா படிந்து, நாற்பது வயதிலேயே திண்ணையில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்த ஆட்கள் எந்த லைனிலும் உண்டு.

இப்படிப்பட்ட ஊரில் படிப்புக்கும் கூட்டத்துக்கும் இருந்த மரியாதையை நினைத்தால் இன்றும் மனம் நிறைகிறது. தலித் சிந்தனையாளர் அயோத்திதாசரின் பௌத்த இயக்கம் ஊரின் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் வேரூன்றியிருந்தது. அவர் தொடங்கிய 'தமிழன்' பத்திரிகை அவருக்குப் பிறகு, 1920-களில், அந்த இயக்கத்தைச் சேர்ந்த அப்பாதுரையாரின் முயற்சியில் தங்கவயலிலிருந்தே வெளிவந்தது. சுரங்கத் தொழிலாளிகள் காசு போட்டுப் பத்திரிகை படித்த ஊர் இது! 1930-ல் தொழிலாளர்களிடம் கைரேகை வாங்கிப் பதிய நிர்வாகம் முனைந்தபோது, எங்களைக் குற்றவாளிகளாகவா நினைக்கிறீர்கள் என்று கேட்டு வேலையை நிறுத்தினார்கள். 1946 நவம்பரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் ஆறு தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். இதெல்லாம் எங்கள் பாடப்புத்தகத்தில் கிடையாது. டீக்கடை பெஞ்சிலும் தொழிற்சங்க அலுவலக வாசலிலும் பெரியவர்கள் பேசக் கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

இன்னொன்றையும் விட மனமில்லை. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்து விஞ்ஞானிகள் சாம்பியன் ரீஃபின் அடியாழத்தில் கருவிகளை வைத்து, 1965-ல் வளிமண்டல நியூட்ரினோக்களை, அதாவது விண்வெளிக் கதிர்கள் காற்றில் மோதி உண்டாகி, பாறையையும் ஊடுருவிப் போகிற மிக நுண்ணிய துகள்களை, கண்டறிந்தார்கள். உலகிலேயே முதன்முதலாக அதைக் கண்டவர்களில் அவர்களும் அடக்கம். அந்த ஆழத்துக்கு வழி வெட்டியவர்களும் முட்டுக்கொடுத்தவர்களும் நம் வீட்டு ஆட்கள்.

ஊரின் அடையாளமாகத் தூரத்திலிருந்தே தெரிகிற சயனைட் மலைகள், பாறையை அரைத்து சயனைட் கரைசலால் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய கழிவு. 3 கோடி டன்னுக்கு மேல் இருக்கும். அவ்வளவு கொட்டி எடுத்த தங்கம், 120 வருடத்தில் சுமார் 800 டன். காற்றுக் காலத்தில் அந்தப் பொடி சோற்றில் விழும், கண்ணில் விழும். கடைசிக் காலத்தில் ஒரு டன் பாறைக்குச் சில கிராம் தங்கம்தான் கிடைத்தது. செலவுக்குக் கட்டவில்லை என்று 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினார்கள். பம்புகள் நின்றதும் தண்ணீர் ஏறத் தொடங்கியது. சுரங்கம் மட்டும் போகவில்லை, ஆஸ்பத்திரியும் குடியிருப்பும் தண்ணீர் வசதியும் அதனோடு ஒட்டியிருந்தவை. அந்த வேலை இருந்த வீடுகளிலிருந்து இப்போது மாரிக்குப்பம் ஸ்டேஷனில் விடியுமுன் ரயில் ஏறிப் பெங்களூர் போய், இரவு திரும்புகிறார்கள். ஊரைக் காலி செய்து போகாமல் இப்படி அலைகிறவர்களால்தான் அது இன்னும் ஊராக இருக்கிறது.

சங்க உறுப்பினர்களிடம் ஒன்று கேட்கிறேன். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பங்களாவைப் படமெடுங்கள், சரி. அப்படியே கீழே வேலை பார்த்த பெரியவர் யாராவது இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, எந்த ஷாஃப்ட், என்ன வேலை, கூட இருந்தவர்கள் யார் என்று கேட்டுப் போனில் பதிவு செய்துகொண்டு வாருங்கள். அப்பாவிடம் நான் கேட்டு வைத்தது ஒரு நோட்டுப் புத்தகம் அளவு இருக்கிறது. அடுத்த மலருக்கு அதிலிருந்து தருகிறேன்.