ஆறாயிரம் ரூபாயும் ஓர் அலமாரி ஹெட்ஃபோனும்

2025 நவம்பர் 1, சனி

தீபாவளித் தள்ளுபடி முடிந்தாயிற்று. இனி நிதானமாகப் பார்க்கலாம். செலவிட இருப்பது ஆறாயிரம் ரூபாய். அதைத் தொடுமுன் அலமாரியில் இருப்பதைக் கழிக்க வேண்டும்.

இருப்பவை: சோனி எம்டிஆர்-7506, ஆடியோ டெக்னிகா எம்40எக்ஸ், 250 ஓம் பெயர்டைனமிக் டிடி 770 ப்ரோ, சூப்பர்லக்ஸ் எச்டி681, கோஸ் போர்ட்டா ப்ரோ, இயர்ஃபோன் மூன்று, ப்ளூடூத் ஹெட்ஃபோன் ஒன்று.

"எது நன்றாகக் கேட்கிறது" என்று ஆரம்பித்தால் ஒன்றையும் விற்க மனம் வராது. ஏதாவது ஒரு பாட்டில் ஒவ்வொன்றும் நன்றாகத்தான் கேட்கும். எதற்கு என்ன வேலை என்று கேட்பதே சரி. இங்கே வேலை ஐந்து: குரல் பதிவை எடிட் செய்வது, ராத்திரி வீட்டில் பாட்டு கேட்பது, நடைப்பயிற்சி, பஸ்-ரயில் பயணம், போன் பேச்சு. ஒரு வேலைக்கு ஒன்று போதும்.

நவம்பர் 2, ஞாயிறு

முதலில் பேட், அதாவது காதைச் சுற்றிப் பதியும் மெத்தை. பேட் சரியில்லாத ஹெட்ஃபோனைக் கேட்டு முடிவெடுப்பதில் அர்த்தமே இல்லை.

7506-இன் பேட் கருப்புத் துகளாக உதிர்கிறது. அது தோல் அல்ல, துணி மேல் பூசிய பாலியுரேத்தேன். காற்றின் ஈரமும் வியர்வையும் சேர்ந்து அந்தப் பூச்சைச் சிதைக்கின்றன. பயன்படுத்தாமல் பெட்டியில் வைத்திருந்தாலும் சிதையும். சென்னை மாதிரிக் கடலோர ஊரில் இன்னும் சீக்கிரம். உதிர்ந்த துகள் டிரைவருக்குள், அதாவது ஒலி எழுப்பும் பகுதிக்குள், போனால் கரகரப்பு வரும். அதனால் கழற்றும்போது கப்பைக் கவிழ்த்துப் பிடித்துக்கொள்ள வேண்டும், துகள் கீழே விழட்டும்.

புதுப் பேட் மாட்டும் முறை: பின்பக்க உதட்டின் அடிப்பகுதியைக் கப் விளிம்பில் உள்ள பள்ளத்தில் செருகி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, மற்றதை இரண்டு பக்கமாகவும் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துவிட்டு மேலே கொண்டுவந்து முடிக்க வேண்டும். நெம்புவதற்குப் பழைய ஏடிஎம் கார்டு போதும். ஸ்க்ரூடிரைவர் வேண்டவே வேண்டாம். கை வழுக்கினால் டிரைவரின் மெல்லிய சவ்வு போய்விடும்.

மாட்டிய பிறகு ஒரு சோதனை. 40 ஹெர்ட்ஸ் ஒலியை மெதுவாக ஓடவிட்டு, இரண்டு கப்பையும் விரலால் லேசாகத் தலையோடு அழுத்திப் பாருங்கள். அழுத்தும்போது சத்தம் கூடினால் எங்கோ காற்று கசிகிறது என்று பொருள். மூக்குக்கண்ணாடியின் கம்பி பேடைத் தூக்கும் இடம்தான் பெரும்பாலும் காரணம். கப்பின் பின்பக்கம் அடைத்திருக்கும் மூடிய வகையில் கீழ் பேஸ் முழுக்க இந்தக் காற்றடைப்பை நம்பியே இருக்கிறது. "பேஸே இல்லை" என்று விற்கப்படும் பல ஹெட்ஃபோன்களுக்குத் தேவை ஒரு ஜோடிப் பேட் மட்டும்தான்.

தடித்த, மெத்தென்ற வேறு பேடுகளும் அதே மாடல் பேரில் கிடைக்கும். காதுக்கும் டிரைவருக்கும் நடுவில் இடைவெளி மாறினால் ஒலியே மாறிவிடும். அசல் அளவும் அசல் தடிமனும் உள்ளதையே வாங்குங்கள்.

டிடி 770-இன் வெல்வெட் பேடுக்கு உதிரும் தொல்லை கிடையாது. வெதுவெதுப்பான நீரில் கொஞ்சம் ஷாம்பு விட்டு அலசி, துண்டில் வைத்து அழுத்தி ஈரம் எடுத்து, நிழலில் முழுக்கக் காயவிட்டு மாட்டினால் புதிது போல இருக்கும்.

நவம்பர் 5, புதன்

7506-இல் ஜாக் பக்கம் கேபிளை அசைத்தால் வலது காது போய்ப் போய் வருகிறது. கேபிள் உள்ளே முறிந்தால் பெரும்பாலும் ஜாக்கை ஒட்டிய சில சென்டிமீட்டருக்குள்தான் முறியும், மடிபடுவது அங்கேதான்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, ஜாக்கின் நுனிக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே அளந்தால் இடது; நடு வளையத்துக்கும் அடிப்பகுதிக்கும் நடுவே அளந்தால் வலது. கம்பெனி சொல்லும் ஓம் அளவை ஒட்டிய எண் நிலையாக நிற்க வேண்டும். கேபிளை அசைக்கும்போது எண் குதித்தால் முறிவு உறுதி.

பொதுவான கம்பி, அதாவது கிரவுண்டு, அறுந்துபோனால் அறிகுறியே வேறு. இரண்டு காதிலும் சத்தம் இருக்கும், ஆனால் பாடுகிறவர் குரல் மட்டும் காணாமல் போயிருக்கும். இடதுக்கும் வலதுக்கும் உள்ள வித்தியாசம் மட்டுமே அப்போது டிரைவருக்குப் போகிறது. நடுவில் நிற்கும் குரல் இரண்டிலும் ஒன்றாக இருப்பதால் அடிபட்டுவிடுகிறது. இதைக் கேட்டு டிரைவர் போய்விட்டது என்று தூக்கிப் போடாதீர்கள்.

சரிசெய்ய, முறிவுக்கு மேலே நல்ல கேபிளில் வெட்டி, புது 3.5 மி.மீ. ஜாக்கைச் சால்டர் வைக்க வேண்டும். சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவுக்குப் போகும்போது வெட்டிய கேபிள் துண்டைக் கையோடு எடுத்துப் போவது நல்லது. 7506-இன் சுருள் கேபிள் தடிமன், மலிவு ஜாக்குகளின் மூடித் துளையில் நுழையாது. சால்டரிங் அயர்னைத் தொடுமுன் மூடியைக் கேபிளில் கோத்துவிடுங்கள், பிறகு கோக்க வழியில்லை. உள்ளே மெல்லிய எனாமல் பூச்சுக் கம்பியாக இருந்தால் ஈயம் சும்மா ஒட்டாது. ஃப்ளக்ஸ் (ஈயம் ஒட்ட உதவும் பசை) தொட்டு, நுனியில் உருகிய ஈயத் துளிக்குள் கம்பியைச் சில விநாடி பிடித்தால் பூச்சு எரிந்து ஈயம் ஏறும். எந்த நிறம் எந்தப் பக்கம் என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மீட்டரால் பார்த்துவிட்டு வையுங்கள்.

நவம்பர் 8, சனி

ஒப்பிட்டுக் கேட்கும் நாள். இதில் ஒரு விஷயத்தை விட்டால் எல்லாம் வீண்: சத்த அளவு சமமாக இருக்க வேண்டும். ஒரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது "தெளிவாக", "உயிரோட்டமாக" தோன்றும். காதின் இயல்பு அது.

கெட்டியான அட்டையில் சின்னத் துளை போட்டு, பின்னாலிருந்து போனின் மைக்கை ஒட்டவைத்து, முன்னால் ஒரு கப்பைப் பதிய வைக்கவும். 500 முதல் 1000 ஹெர்ட்ஸ் வரை மட்டும் உள்ள இரைச்சலை ஓடவிட்டு, சத்தமானி செயலியில் எண்ணைப் பார்க்கவும். அந்த எண் உண்மை அளவாக இருக்க வேண்டியதில்லை. எல்லா ஹெட்ஃபோனுக்கும் அரை டெசிபலுக்குள் ஒரே எண் வந்தால் போதும். இயர்ஃபோனுக்கு இந்த அட்டை உதவாது, அதே இரைச்சலைக் காதாலேயே மாற்றி மாற்றிக் கேட்டுச் சமப்படுத்த வேண்டியதுதான்.

கேட்கும் பொருள் பழகியதாக இருக்கட்டும். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது தாழ்ந்த ஒலி தரும் இடது பக்கம், நல்ல தேர்வு. 'கும்' என்ற அடியில் ஒரு சுருதி கேட்க வேண்டும். பேஸைப் புடைத்துவிட்ட ஹெட்ஃபோனில் சுருதி கரைந்து வெறும் அதிர்வு மிஞ்சும். போர்ட்டா ப்ரோவில் கொஞ்சம் அப்படித்தான். மேல் ஸ்தாயியைப் பார்க்க, பெண் குரலில் 'ஸ', 'ஷ' வரும் இடங்களைக் கேளுங்கள். டிடி 770-இல் 8 கிலோஹெர்ட்ஸை ஒட்டி ஒரு முனை துருத்தி நிற்கிறது, 'ஸ' ஊசியாகக் குத்துகிறது. எச்டி681-இலும் மேல்பக்கம் கூர்மைதான்.

ஒரு பக்கம் சத்தம் குறைவாகத் தோன்றினால் ஹெட்ஃபோனைத் திருப்பி மாட்டுங்கள். குறைவும் கூடவே இடம் மாறினால் ஹெட்ஃபோனில் கோளாறு. அதே காதில் நின்றால் காரணம் காதில்தான், அழுக்காக இருக்கலாம். இயர்ஃபோனில் என்றால் நுனியில் உள்ள வலையை வெளிச்சத்தில் பாருங்கள், பாதிக் கேஸ் அங்கேயே தீரும். வாயால் ஊதாதீர்கள், ஈரம் உள்ளே போகும்.

நவம்பர் 9, ஞாயிறு

டிடி 770-க்கு ஆம்ப் (சத்தத்தைக் கூட்டும் ஆம்ப்ளிஃபயர்) வாங்க வேண்டுமா என்ற கணக்கு.

கம்பெனிகள் ஒரு மில்லிவாட்டுக்கு இத்தனை டெசிபல் என்று எழுதும். நமக்கு வேண்டியது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை என்பது. 1000-ஐ ஓமால் வகுத்து, லாகரிதம் எடுத்து, 10-ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். டிடி 770-க்கு 96-உடன் 6 சேர்ந்து 102. 7506-க்கு 106-உடன் 12 சேர்ந்து 118. போனில் செருகி ஹெட்ஃபோனை மாட்டும் டாங்கிள் ஒன்றே என்றாலும் இரண்டுக்கும் 16 டெசிபல் வித்தியாசம்!

ஆப்பிளின் யூஎஸ்பி-சி டாங்கிள் அதிகபட்சம் ஒரு வோல்ட் தரும், ஐரோப்பாவுக்கான வகை அதில் பாதி. பல ஆண்ட்ராய்டு போன்களில் அதுவும் முழுசாகத் திறப்பதில்லை. சராசரி 75 டெசிபலில் கேட்டால் உச்சங்களுக்கு மேலே 20 டெசிபலாவது இடம் வேண்டும், அதாவது 95. ஒரு வோல்ட் போதும் போலத் தெரியும். ஆனால் ஈக்யூ, அதாவது மேல்-கீழ் ஒலிகளைக் கூட்டிக் குறைக்கும் ஈக்வலைசர், போட்டு அதன் ப்ரீஆம்பில் (மொத்தச் சத்த அளவில்) 6 டெசிபல் இறக்கினால் மீதி 96. பழைய கச்சேரிப் பதிவுகள் பல தாழ்ந்த அளவில் இருக்கும், அவற்றுக்குப் பற்றாது. இரண்டு வோல்ட் டாங்கிள் இருந்தால் 6 டெசிபல் திரும்பக் கிடைக்கும். அந்தச் செலவு இந்த ஹெட்ஃபோனுக்காக மட்டும் என்றால் தேவையில்லை.

சத்தத்தைப் பற்றி ஒன்று: உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் அளவு 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். 89-இல் வாரத்துக்கு ஐந்து மணி நேரம்தான்.

நவம்பர் 15, சனி

முடிவுகள்.

குரல் எடிட்டிங்குக்கு 7506 தங்குகிறது. 1991 முதல் விற்பனையில் இருக்கும் மாடல், உதிரி பாகம் கிடைக்கிறது, எடை குறைவு, எந்த லேப்டாப்பிலும் தாராளமாக ஒலிக்கும். வாய் எச்சில் சத்தம், மூச்சு, 'ஸ' எல்லாவற்றையும் முகத்துக்கு நேரே காட்டிவிடும். எம்40எக்ஸ் அதைவிடச் சமநிலையான ஒலி, கேபிளும் கழற்றலாம், ஆனால் வேலை அதே வேலை. ஆகவே விற்பனைக்கு.

டிடி 770-உம் போகிறது. நல்ல ஹெட்ஃபோன், சந்தேகமே இல்லை. ஆனால் இந்த வெக்கையில் மூடிய கப்பும் வெல்வெட்டும் ராத்திரி இரண்டு மணி நேரம் தாங்காது.

போர்ட்டா ப்ரோ நடைப்பயிற்சிக்கு. பின்னால் வரும் வண்டி கேட்கும். இயர்ஃபோனில் 0.78 மி.மீ. இரண்டு-பின் இணைப்பால் கேபிள் கழற்றக்கூடிய ஒன்று பஸ்ஸுக்குத் தங்குகிறது, கேபிள் போனால் தனியாக வாங்கலாம். ரப்பர் நுனியில் ஒரு அளவு பெரிதாகப் போட்டதும் பேஸ் வந்துவிட்டது. மற்ற இரண்டும் காதுக்குள் போன பொருள், விற்பது முறையல்ல. எச்டி681 கீபோர்டு கற்கும் உறவுக்காரப் பிள்ளைக்கு.

ப்ளூடூத் போன் பேச்சுக்கு. லேப்டாப்பில் மீட்டிங் ஆரம்பித்ததும் அதன் ஒலி மங்கிப்போவது பழுதல்ல. மைக் திறந்தவுடன் ப்ளூடூத் அழைப்பு முறைக்கு மாறி, ஸ்டீரியோ போய்விடுகிறது. லேப்டாப்பின் மைக்கையே தேர்ந்தெடுத்தால் பாட்டின் தரம் அப்படியே நிற்கும்.

நவம்பர் 16, ஞாயிறு

மீதி இருப்பது ராத்திரிக் கேட்புக்குத் திறந்த வகை, அதாவது கப்பின் பின்பக்கம் அடைக்காத ஹெட்ஃபோன் ஒன்று. பேட், ஜாக்குக்கு ஆயிரம் ஒதுக்கினால் கையில் ஐயாயிரம்.

வாங்குமுன் அறையைக் கவனியுங்கள். தலைக்கு மேல் ஃபேன் ஐந்தில் ஓடினால் அந்த இரைச்சல் திறந்த கப் வழியாக அப்படியே உள்ளே வரும், மெல்லிய சங்கதிகள் அதில் அமுங்கிப்போகும். ஃபேனை இரண்டில் வைக்க முடிகிற அறை என்றால்தான் திறந்த வகை. ரோட்டோர ஜன்னல் என்றால் அந்தப் பணத்தை இயர்ஃபோனில் போடுவதே மேல்.

இந்தப் பட்ஜெட்டில் பழையதாகத் தேடினால் இரண்டு பெயர்கள். ஏகேஜி கே240 ஸ்டுடியோ: 55 ஓம், பாதி திறந்தது, மினி எக்ஸ்எல்ஆர் கேபிள் கழற்றலாம். பேட் அதே உதிரும் ரகம், தலைப்பட்டையின் எலாஸ்டிக்கும் தளரும், கீழ் பேஸ் குறைவு. பிலிப்ஸ் எஸ்எச்பி9500: 32 ஓம், முழுத் திறப்பு, இடது கப்பில் சாதாரண 3.5 மி.மீ. துளை, எந்தக் கேபிளும் சேரும். பேட் துணி, உதிராது. ஆனால் எளிதில் கழற்ற வராது. உள்ளே நுரை அமுங்கிப்போனால் காது மடல் உள்தட்டில் இடிக்கும். இந்த ஊரின் ஈரத்துக்கு என் ஓட்டு பிலிப்ஸுக்கு.

நவம்பர் 22, சனி

பழைய பிலிப்ஸ் வாங்கியாயிற்று, பட்ஜெட்டுக்குள். நேரில் பார்க்கும்போது பார்க்க வேண்டியவை: கேபிளைத் துளையில் சுற்றிப் பார்த்தால் சத்தம் விட்டுப்போகக் கூடாது. தலைப்பட்டையின் படிகள் இரண்டு பக்கமும் 'டக்' என்று நிற்க வேண்டும். 20 முதல் 200 ஹெர்ட்ஸ் வரை ஏறும் ஒலியைப் போட்டால் ஓரிடத்திலும் சலசலப்பு வரக் கூடாது. வந்தால் டிரைவரில் முடி ஒட்டியிருக்கலாம், சவ்வு கிழிந்தும் இருக்கலாம். இரண்டில் எது என்று கடை வாசலில் நின்று தீர்மானிக்க முடியாது, வாங்காதீர்கள்.

நவம்பர் 23, ஞாயிறு

ஈக்யூ. விண்டோஸில் ஈக்வலைசர் ஏபிஓ, ஆண்ட்ராய்டில் வேவ்லெட், இரண்டிலும் அடிப்படை வசதிகளுக்குக் காசு வேண்டாம். ஆட்டோஈக்யூ என்ற இணையத் திட்டத்தில் ஹெட்ஃபோன் மாடலைத் தேடினால் வடிகட்டி அளவுகள் கிடைக்கும். அதில் முதல் வரியாக வரும் ப்ரீஆம்ப் எண்ணை விட்டுவிடாதீர்கள், விட்டால் உச்சங்கள் வெட்டுப்பட்டுக் கரகரக்கும். 10 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே உள்ள திருத்தங்களை எடுத்துவிடலாம், அங்கே ஒவ்வொரு காதும் ஒவ்வொரு விதம். திறந்த வகையில் 30 ஹெர்ட்ஸை 8 டெசிபல் ஏற்றச் சொன்னால் கேட்காதீர்கள். சின்ன டிரைவர் அவ்வளவு காற்றைத் தள்ள முடியாமல் பிசிறும். 105 ஹெர்ட்ஸுக்குக் கீழே 4 டெசிபல் ஏற்றமும், ப்ரீஆம்பில் 4 இறக்கமும் வைத்ததில் தொப்பி நன்றாக நிற்கிறது.

டிடி 770 விளம்பரம் போட்டாயிற்று: "250 ஓம். போனில் நேரே செருகினால் சத்தம் குறைவு, இரண்டு வோல்ட் டாங்கிளோ ஆம்போ வேண்டும். கேபிள் கழற்ற வராது, நீளம் அதிகம். பேட் துவைத்தது, புதிதல்ல. 'ஸ' கூர்மை, 8 கிலோஹெர்ட்ஸில் 5 டெசிபல் இறக்கினால் அடங்கும். நேரில் கேட்டுப் பார்த்து எடுத்துக்கொள்ளலாம்."