இரண்டு ஐம்பதுக்கு வந்த படிவம்

2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் நிற்க வாய்ப்புக் கேட்டுக் கட்சியிடம் விருப்ப மனு கொடுத்தவர்களில் நானும் ஒருவன். கட்டணம் கட்டி, நேர்காணலுக்குச் சென்னை போனேன். எந்தக் கிராமத்தில் குடிநீர் வரவில்லை, எந்த பூத்தில் எத்தனை வாக்கு குறைந்தது என்று ஒரு நோட்டு நிறைய எழுதி எடுத்துப் போயிருந்தேன். “எவ்வளவு செலவு செய்வீர்கள்?” என்று மட்டும் கேட்டார்கள். நோட்டைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மனுத்தாக்கலுக்கு மார்ச் 19 கடைசி நாள். வேட்பாளர் யார் என்பது 17 இரவுதான் தெரிந்தது. வெளித் தொகுதிக்காரர், வசதியானவர். வருத்தத்தை விழுங்கிக்கொண்டு மனு வேலையை நானே எடுத்துக்கொண்டேன்.

தேர்தல் செலவுக்கான வங்கிக் கணக்கை மனு கொடுப்பதற்கு ஒரு நாளாவது முன்பு தொடங்கியிருக்க வேண்டும். 18 அன்று அது முடிந்தது. சொத்து, வழக்கு விவரங்களைச் சொல்லும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் பாதிக் கட்டங்களை வேட்பாளர் காலியாக விட்டிருந்தார். ஒரு கட்டமும் காலியாக இருக்கக் கூடாது; ஒன்றுமில்லை என்றால் ‘இல்லை’ என்றாவது எழுத வேண்டும். இரவு முழுக்க உட்கார்ந்து திருத்தி, காலையில் நோட்டரியிடம் கையெழுத்து வாங்கினோம்.

கொரோனா கட்டுப்பாட்டால் வேட்பாளருடன் இருவர் மட்டுமே தேர்தல் அதிகாரியின் அறைக்குள் போக முடிந்தது. சரிபார்ப்புப் பட்டியலில் உள்ள ஆவணங்களில் இரண்டு எங்களிடம் இல்லை. வேறு தொகுதி வாக்காளர் என்பதால் அவர் பெயர் உள்ள வாக்காளர் பட்டியலின் சான்றிட்ட நகல் வேண்டும். அதை மறுநாள் மனுப் பரிசீலனையின்போது கொடுத்தாலும் போதும். என் உயிரை வாங்கியது, இவர்தான் எங்கள் வேட்பாளர் என்று கட்சி எழுதிக் கொடுக்கும் படிவம் ‘பி’தான். கைப்பேசியில் வந்த படத்தை அச்செடுத்துக் கொடுத்திருந்தார்கள். மையால் போட்ட அசல் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்று அதிகாரி திருப்பிக் கொடுத்தார். அவர் மேல் தவறே இல்லை.

கட்சி சார்பில் கையெழுத்திடுபவர் யார் என்று தெரிவிக்கும் படிவம் ‘ஏ’யும், ‘பி’யும் கடைசி நாள் மூன்று மணிக்குள் வந்தாக வேண்டும். வராவிட்டால் சின்னம் போகும். அங்கீகரிக்கப்பட்ட கட்சிக்காரர் என்று ஒரே ஒருவர் முன்மொழிந்த மனுவும் தள்ளுபடியாகும், ஏனென்றால் மற்றவர்களுக்குப் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். அசல் படிவத்தை வைத்திருந்தவர் பக்கத்துத் தொகுதியில் இருந்தார். தொலைபேசியில் கெஞ்சினேன். இரண்டு ஐம்பதுக்குக் கார் வந்தது. தாளை வாங்கிய என் கை நடுங்கியது. அதிகாரி நேரம் எழுதிக் கையெழுத்திட்ட பிறகுதான் தண்ணீர் குடித்தேன். சான்றிட்ட நகலுக்கு ஒரு தம்பி இரவோடு இரவாக பைக்கில் போய்க் காத்திருந்து வாங்கி வந்தான். 20ஆம் தேதி மனு ஏற்கப்பட்டது.

அடுத்த முறை இந்த வேலையை ஏற்பவர்கள் பத்து முன்மொழிபவர்களைக் கொண்டு அதே வேட்பாளர் பெயரில் மாற்று மனு ஒன்றையும் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சின்னத்துக்கு உத்தரவாதம் இல்லை, ஆனால் போட்டியிலாவது இருக்கலாம்.

அதே தேர்தலில் தியாகராய நகர் 137 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. 2016இல் ராதாபுரம் 49 வாக்கு வித்தியாசத்தில் முடிந்தது. ஊரை அறிந்தவர் நின்றால் ஐம்பது வாக்கு கூடுதலாக வராதா? ஓராண்டுக்கு முன்பே ஆளைத் தேட வேண்டிய கட்சி, ஒரு நிமிட நேர்காணலில் பணப்பையை மட்டும் எடை போடுகிறது.

பரிசீலனை முடிந்து திரும்பும்போது, “இந்தத் தொகுதியில் எத்தனை ஒன்றியம்?” என்று வேட்பாளர் கேட்டார். நோட்டை அவரிடம் கொடுத்துவிட்டேன். மே 2 அன்று தோற்றோம்.