பாரடைஸ் பீச் போகல, கருவாட்டுக் குழம்பு கெடச்சுது

சேலத்துல வந்து எறங்கி இன்னும் துணிகூட துவைக்கல, அதுக்குள்ள எழுத உக்காந்துட்டேன். எங்க பாண்டிச்சேரி ட்ரிப்போட ரூட்டு, செலவு எல்லாம் வரிசையா போடுறேன்னு சொல்லியிருந்தேன், முடிஞ்சவரைக்கும் போடுறேன்.

பாண்டிச்சேரி போய், சுண்ணாம்பாறு படகு குழாம்ல போட் ஏறி பாரடைஸ் பீச், இதுதான் பிளான். பையன் அந்த போட்டுக்காகவே உண்டியல்ல காசு சேத்து வெச்சிருந்தான். மொத்த பட்ஜெட் 7,000, அதுல ரூமுக்கு 2,500 முன்னாடியே கட்டியாச்சு, ரீஃபண்ட் கெடையாது.

நைட் பஸ்ல எங்க சீட்டு ஜன்னல் மூடவே இல்ல. உளுந்தூர்பேட்டைல ஆரம்பிச்ச தூறல் கடைசிவரைக்கும் எங்க மேலதான், ரெண்டு துண்டும் நனைஞ்சு போச்சு. அடுத்து ஆட்டோ. ஏறும்போதே "போட் ஓடுதாண்ணே"ன்னு கேட்டேன், "ஓடும்மா, ஏறுங்க"ன்னார். எட்டு கிலோமீட்டருக்கு 450 ரூபா! போய் பாத்தா கேட் மூடியிருக்கு. தெரியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா எனக்கு கோவமே வந்திருக்காது.

"கூண்டு ஏத்தியிருக்காங்கம்மா, இன்னிக்கு படகு கெடையாது"ன்னு வாட்ச்மேன் சொன்னார். 1ம் நம்பர் புயல் கூண்டு, அதாவது தூரத்துல கடல்ல காத்தழுத்தத் தாழ்வு உருவாகியிருக்குன்னு எச்சரிக்கை. பையன் அழுதான். நவம்பர்ல கெளம்பலாம்னு சொன்னது யாருன்னு எனக்கும் வீட்டுக்காரருக்கும் நடுரோட்டுலயே சண்டை. (நவம்பர்ல போட்டை நம்பி யாரும் பிளான் போடாதீங்க, மழைக்காலம் அது.) அது கடலூர் ரோடுதான், ஒரு கடலூர் பஸ் வந்துச்சு, யோசிக்காம ஏறிட்டோம்.

தேவனாம்பட்டினம் சில்வர் பீச்ல கடல் கலங்கிப்போய் செம்மண் கலர்ல இருந்துச்சு. ஃபைபர் போட்டெல்லாம் மேல இழுத்துப் போட்டிருந்தாங்க, ஆம்பளைங்க உக்காந்து வலை பின்னிட்டிருந்தாங்க. கருவாடு வித்துட்டிருந்த ஒரு ஆயாகிட்ட நெத்திலி கால் கிலோ வாங்கினேன், பேச்சுவாக்குல எங்க கதையையும் கொட்டிட்டேன், 2,500 ரூபா வீணாப்போச்சு ஆயான்னு.

"எம்மவன் நாலு நாளா தொழிலுக்குப் போகல கண்ணு"ன்னாங்க. கடலுக்குப் போனாத்தான் பங்கு, போகலன்னா அன்னிக்கு கூலின்னு ஒண்ணும் கெடையாதாம். எனக்கு சுருக்குன்னுச்சு. அப்போ இந்தக் கூண்டு மேல கோவம் வராதா ஆயான்னு கேட்டேன். "எதுக்கு கோவம்? அது ஏத்தியிருந்தா நான் ராத்திரி தூங்குவேன்"னாங்க.

2004 சுனாமில செத்த சனங்க இருந்த ஊரு அது. 2011 டிசம்பர் 30 தானே புயல் கரையைக் கடந்ததும் பாண்டிக்கும் கடலூருக்கும் நடுவுலதான், அன்னிக்கு வீட்டுக் கூரை முழுசா போனத ஆயா கையால காட்டினாங்க. காலைல இருந்து நான் திட்டிட்டு வந்த அதே கூண்டுதான் அவங்க மகனை வீட்ல உக்கார வெச்சிருக்கு. கொஞ்ச நேரம் எனக்கு பேச்சே வரல. என் புள்ள பக்கத்துலயே நின்னு சங்கு பொறுக்கிட்டிருந்தான், எனக்கு அது போதும்னு இருந்துச்சு.

ஆயா கைகாட்டின மெஸ்லதான் சாப்பிட்டோம். படகு போகாததால பச்ச மீன் இல்ல, கருவாட்டுக் குழம்புதான். ஆனா என்னா குழம்பு! கத்திரிக்கா, மொச்சை, புளி தூக்கலா, மேல நல்லெண்ணெய் மெதக்குது, புழுங்கலரிசி சோத்துல ஊத்தி பெசஞ்சா கை நிக்கல. சாப்பாடு 90 ரூபா, மூணாவது தடவை கேட்டப்பவும் மொகம் சுளிக்காம ஊத்தினாங்க. இந்த ட்ரிப்ல குடுத்த காசுக்கு மேலயே கெடச்சது அது ஒண்ணுதான். வீட்டுக்காரரும் நானும் திரும்ப பேச ஆரம்பிச்சதும் அங்கதான்.

மிச்ச செலவுக் கணக்கு நாளைக்கு போடுறேன். இத டைப் பண்ணிட்டிருக்கும்போதே கூண்டை எறக்கிட்டாங்கன்னு நியூஸ்ல ஓடுச்சு. அடுப்படில இருந்த வீட்டுக்காரர்கிட்ட ஓடிப்போய் சொன்னேன், "ஏங்க, ஆயா மகன் நாளைக்கு கடலுக்குப் போவார்."