தெப்பக்குளத்தில் தண்ணீர் இருக்கிறதா

பிப்ரவரி 3, திங்கள்

ஹாஸ்டல் தோழிகள் நாலு பேரும் போகிற ஊர் மதுரைதான். டீச்சர் ஏற்காடு என்றாள். குட்டி, மகாபலிபுரத்திலேயே இரண்டு நாள் இருந்துவிட்டு வரலாம், அலைச்சல் இல்லை என்றாள். யாருக்காகப் போகிறோமோ அவள் நாள் முழுக்க ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி பதினொன்றரைக்குக் குழுவில் ஒரே ஒரு வரி போட்டாள்: "தெப்பக்குளத்துல இப்பல்லாம் தண்ணி இருக்காமே?" அதற்கப்புறம் யாரும் வேறு ஊர் பேசவில்லை.

பிப்ரவரி 4, செவ்வாய்

தேதி பார்க்க உட்கார்ந்தேன். 13ஆம் தேதி அவளுக்கு நான்காவது கீமோ. அதிலிருந்து முதல் வாரம் படுக்கை. இரண்டாவது வாரம் ரத்தத்தில் வெள்ளை அணு கவுண்ட் கீழே போகும். மூன்றாவது வாரம் மெல்ல ஏறும். அது ஏறி முடிப்பதற்குள் மார்ச் 6 வந்துவிடும், ஐந்தாவது. நடுவில் நமக்கென்று இருப்பது ஒரே ஒரு சனி, ஞாயிறுதான், மார்ச் 1, 2. டீச்சருக்குத் திங்கட்கிழமை ப்ளஸ் டூ பரீட்சை தொடங்குகிறது, ஞாயிறு ராத்திரிக்குள் திருச்சியில் இருந்தாக வேண்டும். குட்டிக்கு வெள்ளிக்கிழமை லீவு இல்லை, ஆபீஸ் முடித்துப் பெங்களூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறுவாள்.

காலண்டரில் வட்டம் போட்டேன். பென்சிலால்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

சென்னையிலிருந்து வைகை எக்ஸ்பிரஸ், 28ஆம் தேதி வெள்ளி, ஏசி சேர் கார். எங்கள் இரண்டு பேருக்கும் வெயிட்டிங் லிஸ்ட் 17, 18. டீச்சருக்குத் திருச்சியிலிருந்து தனி டிக்கெட், அவளுக்கு இடம் கிடைத்துவிட்டது. திரும்பி வரும் தேஜஸில் மூன்று பேருக்கும் கன்ஃபார்ம். போவதற்குத்தான் இடமில்லை.

இப்போது 60 நாளைக்கு முன்பு புக்கிங் திறக்கிறார்கள். அப்படியென்றால் 28ஆம் தேதிக்கு டிசம்பர் 30 அன்றே எடுத்திருக்கலாம். அன்றைக்கு எங்கே இருந்தோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஸ்கேன் அறைக்கு வெளியே, அந்த நீல நாற்காலியில். அம்மா தயிர்சாத டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

ராத்திரி வண்டியில் இடம் இருக்கிறது. பாண்டியனில் லோயர் பெர்த் கூடக் கிடைக்கும் போலிருந்தது. ஆனால் எதிர் பெர்த்தில் யாராவது விடிய விடிய இருமிக்கொண்டு வந்தால்? அதுவுமில்லாமல் அவளுக்கு ஜன்னல் வேண்டும். திண்டுக்கல் தாண்டியதும் மலை தெரிகிறதா என்று பார்க்க வேண்டுமாம். வைகை அந்தப் பக்கம் போகும்போது இருட்டிவிடும். அதை அவளிடம் சொல்லவில்லை.

பிப்ரவரி 8, சனி

லாட்ஜ்களுக்குப் போன் செய்தே பகல் போய்விட்டது. ஏழு இடம்.

மதுரையில் தூரத்தை வீதியால் அளப்போம். கோயிலுக்குள் ஆடி வீதி, வெளியே வந்தால் சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியாக வெளி வீதி. ஹாஸ்டலில் இருந்த மூன்று வருடமும் அப்படித்தான் வழி சொன்னோம். "மாசி வீதி வரைக்கும் ஓடிப் பிடிச்சிட்டேன், அதுக்குள்ள பஸ் எடுத்துட்டான்." இப்போது அதே வீதிகளை எத்தனை படி, எத்தனை அடி நடை என்று எண்ண வேண்டியிருக்கிறது.

"லிஃப்ட் இருக்கும்மா" என்று எல்லோரும் சொல்கிறார்கள். "ரோட்டிலிருந்து லிஃப்ட் வரைக்கும் படி இருக்கா?" என்று கேட்டால்தான் உண்மை வருகிறது. ஒரு இடத்தில் ரிசப்ஷனே மாடியில், லிஃப்ட் அங்கிருந்துதான் ஆரம்பம். இன்னொரு இடத்தில் வெந்நீர் காலை ஆறிலிருந்து ஒன்பது வரை மட்டும். இன்னோரிடத்தில் போன வாரம்தான் பெயின்ட் அடித்தோம், புத்தம் புதுசாக இருக்கும் என்று பெருமையாகச் சொன்னார். பெயின்ட் வாசனைக்கு அவள் வாசலிலேயே திரும்பிவிடுவாள். அந்த மனிதருக்கு அது எப்படித் தெரியும், பாவம்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வெயிட்டிங் லிஸ்ட் 14, 15.

பிப்ரவரி 10, திங்கள்

வீடு கிடைத்துவிட்டது! கே.கே. நகர் பக்கம், தரைத்தளம், இரண்டு படுக்கையறை, வெஸ்டர்ன் டாய்லெட், சமையலறை. ஒரு நாளைக்கு 3,200. சமையலறை இருந்தால் தண்ணீர் கொதிக்க வைத்துக்கொள்ளலாம், கஞ்சி வைக்கலாம். அட்வான்ஸ் போட்டுவிட்டேன். டீச்சர் பதினெட்டு பூ அனுப்பினாள்.

பிப்ரவரி 13, வியாழன்

நான்காவது. ஆறு மணி நேரம். ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போதே கண்ணை மூடியபடி கேட்டாள்: "மைய மண்டபத்துக்கு எதுலடி போறது, படகா?"

பிப்ரவரி 15, சனி

எழுத முடியவில்லை.

பிப்ரவரி 17, திங்கள்

அரை இட்லி. அதையும் தொண்டையில் இறக்கக் கால் மணி நேரம். எதைச் சாப்பிட்டாலும் இரும்பை நக்குகிற மாதிரி இருக்கிறது என்கிறாள். எவர்சில்வர் ஸ்பூனை மாற்றி மர ஸ்பூன் கொடுத்தோம். கொஞ்சம் பரவாயில்லையாம்.

அம்மா சமையலறைக்குக் கூப்பிட்டு, "இந்த நிலைமைல ஊர் சுத்தணுமா கண்ணு?" என்றார். கோபமாகக் கேட்கவில்லை. கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

பிப்ரவரி 18, செவ்வாய்

குட்டி ஒரு பட்டியல் அனுப்பியிருக்கிறாள். மதுரையில் சாப்பிட வேண்டியவை, வேளை வாரியாக. கறி தோசை, பன் பரோட்டா, அயிரை மீன் குழம்பு, எண்ணெய்ப் பரோட்டா, மட்டன் சுக்கா, ஜிகர்தண்டா இரண்டு தடவை. எனக்கு அப்படியொரு கோபம் வந்தது. போன் போட்டுத் திட்டிவிட்டேன். "அவ ஃபிரிட்ஜ்ல என்ன ஒட்டியிருக்குன்னு தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். எனக்கு அது மனப்பாடம். அப்போதே சமைத்தது, ஆவி பறக்கிறது மட்டும். பச்சைக் காய் கூடாது. நறுக்கி வைத்த பழம் கூடாது, தோல் உரிக்கிற வாழைப்பழம் சரி. கொதித்து ஆறின தண்ணீர். வெளியே ஐஸ் கூடவே கூடாது.

குட்டி ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அழுதாள். அவளுக்கு வேறு என்ன தெரியும், பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு. என்னிடம் படி எண்ணுகிற வேலையாவது இருக்கிறது.

சாயந்திரம் அவளே கேட்டாள், பட்டியலை அழித்துவிட்டோமா என்று. "ஒண்ணையும் எடுக்காதீங்க. நீங்க சாப்பிடுங்க, நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

பிப்ரவரி 19, புதன்

காலையிலிருந்து இதே யோசனை. ஜிகர்தண்டா வேண்டாம். பால், நன்னாரி, கடல்பாசி எல்லாம் சரி. ஆனால் மேலே ஐஸ்கிரீம், எத்தனை கை பட்டதோ. சரி, பருத்திப்பால்? பருத்திக்கொட்டையை அரைத்துப் பாலெடுத்து, அரிசி மாவும் கருப்பட்டியும் சுக்கும் போட்டுக் கொதிக்க வைப்பது. சுடச்சுடத்தான் ஊற்றுவார்கள். டம்ளரை மட்டும் நாம் கொண்டு போய்விட்டால்? இட்லியும் அப்படித்தான், துணியிலிருந்து எடுத்த கையோடு தட்டில் விழுகிற இட்லியை விட எந்த வீட்டுச் சாப்பாடு பத்திரம்? தேங்காய்ச் சட்னி வேண்டாம், சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தால் சாம்பார். இல்லையென்றால் பொடி, நாமே எடுத்துப் போகிறோம். கடை திறந்தவுடன் போக வேண்டும், முதல் ஈடு இறக்கும்போது. கூட்டமும் இருக்காது.

சாப்பாட்டு டாக்டரம்மாவிடம் பருத்திப்பால் கேட்டேன். அவருக்கு விருதுநகர். சிரித்துவிட்டார். கொதித்தது என்றால் ஒரு டம்ளர் குடிக்கட்டும் என்றார். ஒரு டம்ளர்!

பிப்ரவரி 20, வியாழன்

8, 9.

பிப்ரவரி 21, வெள்ளி

வீட்டுக்காரர் போன் செய்து, கல்யாண வீட்டுக்காரர்கள் நான்கு நாளுக்குச் சேர்த்துக் கேட்டுவிட்டார்கள், அட்வான்ஸைத் திருப்பிப் போட்டுவிட்டேன் என்கிறார். மாசி மாதத்து முகூர்த்தம். நான் ஒரு காரணமும் சொல்லிக் கெஞ்சவில்லை. சொல்லியிருக்க வேண்டுமோ? சொன்னால் கொடுத்திருப்பாரோ? அவளுடைய உடம்பை ஒரு அறைக்காக யாரிடமோ எடுத்துச் சொல்ல வாய் வரவில்லை.

ராத்திரி பத்து மணி வரை தேடினேன். எல்லாம் மூன்றாவது மாடி.

பிப்ரவரி 22, சனி

டெஸ்ட்டுக்கு ரத்தம் கொடுத்தோம். கவுண்ட் 960.

டாக்டர் 1,500க்கு மேல் வரட்டும், அப்புறம் பேசுவோம் என்கிறார். கூட்டத்தில் போகக் கூடாது, காய்ச்சல் 100.4 தொட்டால் எந்த ஊராக இருந்தாலும் நேராக ஆஸ்பத்திரி. மதுரையில் ராத்திரியும் பார்க்கிற ஆஸ்பத்திரிகளின் முகவரியை எழுதி வைத்திருக்கிறேன். அறை இல்லை, சீட் இல்லை, கவுண்ட் இல்லை. முகவரி மட்டும் இருக்கிறது.

பிப்ரவரி 23, ஞாயிறு

டீச்சர் யாரிடமும் சொல்லாமல் இன்றைக்குக் காலை மதுரை போயிருக்கிறாள்! திருச்சியிலிருந்து கிளம்பி, டவுன்ஹால் ரோட்டிலிருந்து வெளி வீதி வரை ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கி, கடைசியில் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஓட்டலில் நின்று வீடியோ போட்டாள். ரோட்டிலிருந்து இரண்டே படி. லிஃப்டுக்குள் நின்று கதவு மூடித் திறப்பதையும் காட்டினாள். பாத்ரூமில் குழாயைத் திறந்து கையை நீட்டி, "சுடுதுடி, பகல் ஒரு மணிக்குச் சுடுது" என்று கத்தினாள். பக்கத்துப் பக்கத்து அறை இரண்டு, 24 மணி நேர செக்கின். தன் ஆதார் நகலும் பணமும் கொடுத்து, ரசீதையே வாங்கிவிட்டாள்.

கோயில் பற்றியும் விசாரித்து வந்திருக்கிறாள். மத்தியானம் பன்னிரண்டரைக்கு நடை சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பு. விடிகாலை ஐந்துக்குப் போனால் கூட்டம் குறைவு. போனை வெளியே கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், 2018 தீ விபத்துக்குப் பிறகு அப்படி. சனிக்கிழமை கோயில் வேண்டாம் என்று நான் சொன்னேன். அவளும் சரி என்றாள். "அம்மனுக்குத் தெரியும்டி. வாசல்ல நின்னு கும்பிட்டா போதும்."

தெப்பக்குளத்துக்குப் போனாயா என்று அவள் கேட்டாள். போனேன் என்றாள் டீச்சர். தண்ணி? "நீயே வந்து பாரு" என்று போனை வைத்துவிட்டாள்.

நாங்கள் படிக்கும்போது அது வெறும் கட்டாந்தரை. திருமலை நாயக்கர் 1645இல் கட்டின குளத்தில் பையன்கள் ஒரே நேரத்தில் நாலு கிரிக்கெட் மேட்ச் ஆடுவார்கள். மகால் கட்டச் செங்கல்லுக்கு மண் எடுத்த பள்ளம் என்று வரலாற்று மிஸ் சொல்வார். தைப்பூசத் தெப்பத்தில் தேர் நிலையாகவே நின்றது என்று வார்டன் சொன்னபோது அவள் மட்டும் நம்பவில்லை. குளம் என்றால் ஒரு நாளாவது நிறையாமலா இருக்கும், நிறைந்ததும் வந்து பார்ப்பேன் என்று பந்தயம் கட்டினாள். பந்தயப் பணம் பத்து ரூபாய், குட்டியிடம்.

பிப்ரவரி 25, செவ்வாய்

5, 6. யாரோ நல்ல மனிதர்கள் பயணத்தை ரத்து செய்துகொண்டே இருக்கிறார்கள்.

பிப்ரவரி 26, புதன்

அவள் முக்கால் இட்லி, அரை டம்ளர் ரசம் சாப்பிட்டாள். பருத்தித் துணித் தொப்பி இரண்டு வாங்கி வந்தேன், ஒன்று மாந்தளிர், ஒன்று கருநீலம். கண்ணாடி முன்னால் ரொம்ப நேரம் நின்றாள்.

பிப்ரவரி 27, வியாழன்

காலையில் ரத்தம் கொடுத்துவிட்டு, அங்கேயே வராந்தாவில் தட்கலுக்கு உட்கார்ந்தேன். ஏசிக்குப் பத்து மணி. பெயர், வயது எல்லாம் முன்பே நிரப்பி வைத்திருந்தேன். 10.01க்குப் பணம் கட்டும் பக்கம் வந்தது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. 10.04க்கு எல்லாம் தீர்ந்துவிட்டது. பணம் மட்டும் போயிருக்கிறது, திரும்ப வரும்.

பழைய டிக்கெட் இப்போது 2, 3. இரண்டு பேரில் ஒருவருக்குக் கிடைத்து ஒருவருக்குக் கிடைக்காமல் போனால்? அவளைத் தனியாக எட்டு மணி நேரம் அனுப்ப முடியாது. கார் என்றால் விழுப்புரத்திலேயே வாந்தி ஆரம்பிக்கும்.

மாலை 6.20

2,140.

மறுபடியும் எழுதுகிறேன். 2,140. டாக்டர் போய்வாருங்கள் என்றார். அம்மா இட்லிப் பொடி இடிக்கிறார், மணி எட்டாகிறது, இன்னும் இடிக்கிறார்.

பிப்ரவரி 28, வெள்ளி

காலை 10.05. சார்ட் வந்துவிட்டது. ஒரே கோச், ஆனால் முன்னும் பின்னுமாக இரண்டு சீட். ஒன்று ஜன்னல்!

எடுத்தது: தெர்மாமீட்டர், ஃபைல், மாத்திரை டப்பா, மர ஸ்பூன், நான்கு டம்ளர், கெட்டில், முகக்கவசம் ஒரு பெட்டி, பொடி, தலையணை உறை இரண்டு. அவள் எடுத்தது: ஒரு பத்து ரூபாய் நோட்டு, பர்ஸில் தனியாக. குட்டி கொடுக்கத்தானே வேண்டும், நீ ஏன் எடுக்கிறாய் என்றேன். தண்ணி இல்லாவிட்டால் நான்தானே கொடுக்கணும் என்றாள்.

மார்ச் 1, சனி

காலை 5.10. ஸ்டேஷன் பக்கத்து அறை. குட்டி நாலரைக்கு மாட்டுத்தாவணியில் இறங்கி ஆட்டோ பிடித்து வந்துவிட்டாள், குளித்துக்கொண்டிருக்கிறாள். டீச்சர் திருச்சியில் ஏறினதிலிருந்து நேற்று ராத்திரி வரை பேசிப் பேசி, இப்போது தூங்குகிறாள். காய்ச்சல் பார்த்தேன், 98.2. கீழே தெருமுனையில் பருத்திப்பால் வண்டி மணி அடிப்பது கேட்கிறது. போய் முதலில் கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும், டம்ளர் எங்கே வைத்தேன்

அவள் எழுந்துவிட்டாள். மாந்தளிர்த் தொப்பி. விளக்கைப் போடாமல் கட்டிலுக்கு அடியில் செருப்பைத் தேடுகிறாள்.