ஒய் அடி தம்பி

நாங்கள் மாணவர்களாக இருந்தபோது எங்கள் கணினி அறையின் கடைசி மேசையில் இருந்த கணினிக்கு ஹார்டு டிஸ்க் கிடையாது. ஃபிளாப்பி செருக இரண்டு வாய்கள் மட்டும் உண்டு. ஒன்றில் பாஸ்கல் மொழியில் நிரல் எழுத உதவும் டர்போ பாஸ்கல் என்ற மென்பொருளின் மூன்றாம் பதிப்பு, மற்றதில் நாங்கள் எழுதிய நிரல்கள். ஃபிளாப்பி சுழலும் கரகரப்பு அடங்கியதும் திரையில் ஒரு கேள்வி வந்து நிற்கும்: பிழைச் செய்திகளையும் ஏற்றவா? வேண்டும் என்றால் 'ஒய்' (Y), வேண்டாம் என்றால் 'என்' (N) அழுத்த வேண்டும். செய்திகளை ஏற்றினால் நினைவகத்தில் ஏறக்குறைய ஒன்றரை கிலோபைட் போய்விடும். அன்றைக்கு அது கணக்குப் பார்த்துச் செலவழிக்க வேண்டிய இடம்தான்.

சிக்கனமாக இருக்கட்டும் என்று என் விரல் 'என்' (N) எழுத்துக்குப் போனது. பின்னால் நின்ற ஆசிரியர், "ஒய் அடி தம்பி. எது தப்பு என்று சொல்ல ஆள் இல்லாவிட்டால் எப்படித் திருத்துவாய்?" என்றார். முப்பது வருடங்களுக்கும் மேலாக நிரல் எழுதித்தான் பிழைக்கிறேன். ஒரு கருவி நல்லதா என்று பார்க்கும்போது இன்றும் அந்தக் கேள்வியைத்தான் முதலில் கேட்கிறேன்.

டர்போ பாஸ்கலைச் செய்தது போர்லண்ட் என்ற நிறுவனம். கலிபோர்னியாவில் ஸ்காட்ஸ் வேலி என்ற சிற்றூரில் இருந்தது. அதை நடத்திய பிலிப் கான் பிரெஞ்சுக்காரர், கணிதம் படித்தவர். டர்போ பாஸ்கலின் கம்பைலரை, அதாவது நாம் எழுதும் நிரலை இயந்திர மொழியாக்கும் பகுதியை, எழுதியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஆண்டர்ஸ் ஹெய்ல்ஸ்பெர்க் என்ற இளைஞர். நாஸ்காம் என்ற சிறு கணினிக்காக அவர் முன்பே ஒரு பாஸ்கல் கம்பைலர் எழுதியிருந்தார். அது வளர்ந்துதான் 1983 நவம்பரில் டர்போ பாஸ்கலாக விற்பனைக்கு வந்தது. விலை 49.95 டாலர். மற்றவர்களின் கம்பைலர்கள் பல நூறு டாலருக்கு விற்ற காலம் அது.

விலை குறைவு என்பதால் மட்டும் அது பரவவில்லை. அதற்கு முன் பாஸ்கலில் நிரல் எழுதுவது எப்படி இருந்தது தெரியுமா? ஒரு எடிட்டரில் எழுதிச் சேமித்து, அதிலிருந்து வெளியே வந்து, கம்பைலரை ஓட்டி, அது இரண்டு மூன்று சுற்று சுற்றி முடிந்தபின் துண்டுகளை இணைக்கும் லிங்கரை ஓட்டி, அப்புறம்தான் நிரலை ஓட்டிப் பார்க்க முடியும். ஒரு அரைப்புள்ளியை விட்டிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. டர்போ பாஸ்கலில் எடிட்டர், கம்பைலர் எல்லாம் ஒரே நிரலுக்குள். மூன்றாம் பதிப்பில்கூட அந்த முழு நிரலின் அளவு 40 கிலோபைட்டை எட்டவில்லை. நாம் எழுதியதை நினைவகத்திலேயே ஒரே ஓட்டத்தில் இயந்திர மொழியாக்கிவிடும், வட்டை நாடாது. கம்பைல் செய்யச் சொல்லும் 'சி' (C) விசையை அழுத்திக் கையை எடுப்பதற்குள் முடிந்திருக்கும். பிழை இருந்தால் அங்கேயே நிற்கும். எஸ்கேப் அழுத்தினால் எடிட்டர் திறக்கும், கர்சர் பிழை கண்ட அதே இடத்தில் துடித்துக்கொண்டிருக்கும். நான் பாஸ்கல் கற்றது பாதி ஆசிரியரிடம், மீதி அந்தக் கர்சரிடம்.

அவர்களுடைய உரிம ஒப்பந்தத்தையும் சொல்ல வேண்டும். இந்த மென்பொருளை ஒரு புத்தகம் போல நடத்துங்கள் என்பதுதான் அதன் சாரம். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோகலாம். ஆனால் ஒரே புத்தகத்தை இரண்டு பேர் இரண்டு இடங்களில் ஒரே நேரத்தில் படிக்க முடியாதல்லவா, அதுபோல ஒரே நேரத்தில் இரண்டு இடங்களில் ஓட்டக் கூடாது, அவ்வளவுதான். வாங்குபவரைத் திருடனாகப் பார்க்காத ஒப்பந்தம். இன்று பெட்டியை டிக் செய்து தாண்டிப்போகும் நாற்பது பக்க உரிமங்களை நினைத்தால் அதன் நேர்மை இன்னும் நன்றாகப் புரிகிறது.

அடுத்த ஆண்டு ஹார்டு டிஸ்க் உள்ள கணினிகள் வந்தன. கூடவே 1989இல் வெளியான 5.5 பதிப்பும் வந்தது. நீலத் திரை, மஞ்சள் எழுத்து. நம் வகுப்புக்காரர்கள் யாரும் அந்த நீலத்தை மறந்திருக்க மாட்டார்கள். அந்தப் பதிப்பில்தான் டர்போ பாஸ்கலுக்குப் பொருள்நோக்கு நிரலாக்கம், அதாவது தரவையும் அதைக் கையாளும் செயல்களையும் ஒன்றாகக் கட்டி எழுதும் முறை, வந்தது. ஆனால் என் மனத்தில் நிற்பது பிழை தேட உதவும் டிபக்கர். பத்து எண்களை வரிசைப்படுத்தும் பபுள் சார்ட் நிரல் எனக்குச் சரியாக ஓடவில்லை, கடைசி எண் மட்டும் இடம் மாறாமல் நின்றது. ஆசிரியர் விடையைச் சொல்லவில்லை. கீழே உள்ள கண்காணிப்புச் சாளரத்தில் இரண்டு மாறிகளின் பெயரைப் போடச் சொன்னார். "இப்போது எஃப்7 அழுத்து. ஒவ்வொரு வரியாகப் போகும். நீயும் கூடவே போ." ஒவ்வொரு அழுத்தலுக்கும் பட்டை ஒரு வரி கீழே இறங்க, எண்கள் கண்ணெதிரே மாறின. உள்சுழற்சி ஒரு படி முன்னதாகவே முடிவதை நானே பார்த்தேன். கணினிக்குள் என்ன நடக்கிறது என்பதை அதுவரை நம்பிக்கொண்டு மட்டும் இருந்தேன், பார்த்தது அன்றுதான்.

அப்புறம் டர்போ சி. அது சி மொழிக்காகப் போர்லண்ட் 1987இல் வெளியிட்ட கருவி, எங்கள் கைக்குச் சில ஆண்டுகள் பிந்தி வந்தது. திரையைப் படம் வரையத் தயாராக்கும் இனிட்கிராஃப் கட்டளையை எழுதி வட்டம் வரைந்த மகிழ்ச்சியை எனக்குப் பின் படித்த பல வகுப்பினரும் அறிவார்கள்.

1991இல் போர்லண்ட், டிபேஸ் தரவுத்தள மென்பொருளை வைத்திருந்த ஆஷ்டன்-டேட் நிறுவனத்தை சுமார் 44 கோடி டாலர் மதிப்புக்கு வாங்கியது. அதன் பிறகு நிறுவனத்தின் கவனம் சிதறியது என்பது என் கருத்து. விண்டோஸுக்கான டிபேஸ் 1994இல்தான் வந்தது. மைக்ரோசாஃப்ட்டோ 1992லேயே ஆக்ஸஸ் என்ற தரவுத்தள மென்பொருளை வெளியிட்டு, டிபேஸுக்குப் போட்டியாக இருந்த ஃபாக்ஸ் நிறுவனத்தையும் வாங்கிவிட்டது. இதற்கிடையே போர்லண்டின் குவாட்ரோ விரிதாளில் உள்ள மெனு அமைப்பு தங்களுடையது என்று, போட்டி விரிதாள் விற்ற லோட்டஸ் நிறுவனம் தொடுத்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 1996இல் நீதிபதிகள் 4க்கு 4 என்று பிரிந்ததால், போர்லண்டுக்குச் சாதகமான கீழ்நீதிமன்றத் தீர்ப்பே நிலைத்தது. மென்பொருள் உலகத்துக்கே பயன்பட்ட வெற்றி அது. ஆனால் அதற்குள் 1995 தொடக்கத்திலேயே கான் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகியிருந்தார். (1997இல் மகள் பிறந்தபோது மருத்துவமனையில் டிஜிட்டல் கேமராவையும் கைப்பேசியையும் இணைத்துக் குழந்தையின் படத்தை நண்பர்களுக்கு அனுப்பியவர் இவர்தான்.)

அதே 1995 பிப்ரவரியில் டெல்ஃபி வந்தது. பழைய போர்லண்டின் குணம் முழுதாகத் தெரிந்த கடைசிப் பெரிய படைப்பு அதுதான் என்பேன். பொத்தானைப் படிவத்தில் இழுத்து வைத்து, அது செய்ய வேண்டியதைப் பாஸ்கலில் எழுதினால் போதும், நேரடி இயந்திர மொழியில் விண்டோஸ் செயலி தயார். 1996இல் ஹெய்ல்ஸ்பெர்க் மைக்ரோசாஃப்டுக்குப் போனார், அங்கே சி ஷார்ப் என்ற நிரல் மொழியை வடிவமைத்தார். 1998இல் நிறுவனம் தன் பெயரையே இன்பிரைஸ் என்று மாற்றிக்கொண்டது, பெரிய நிறுவனங்களுக்கு விற்பதுதான் இனி வழி என்று. எனக்கு அது அன்றும் வருத்தம், இன்றும் வருத்தம். புதிதாகக் கற்பவனையும் முழு நிரலாளனாக மதித்துத்தான் அந்தப் பெயர் வளர்ந்தது. 2001இல் போர்லண்ட் என்ற பெயர் திரும்பியது. ஆனால் 2008இல் நிரலாக்கக் கருவிப் பிரிவு எம்பார்கடெரோ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது, மறு ஆண்டு மீதியை மைக்ரோ ஃபோகஸ் நிறுவனம் வாங்கிக்கொண்டது. டெல்ஃபி இன்றும் புதுப் பதிப்புகளாக வந்துகொண்டிருக்கிறது.

இப்போது அலுவலகத்தில் நான் எழுதுவது டைப்ஸ்கிரிப்ட். 2012இல் வந்த அந்த மொழிக்கும் முதன்மை வடிவமைப்பாளர் ஹெய்ல்ஸ்பெர்க்தான். எழுதி முடிப்பதற்கு முன்பே பிழையின் அடியில் சிவப்புக் கோடு ஓடும்போதெல்லாம் அந்தக் கடைசி மேசை நினைவுக்கு வரும்.

டர்போ பாஸ்கலின் பழைய பதிப்புகள் சிலவற்றைப் போர்லண்ட் பின்னாளில் இலவசமாகவே கொடுத்துவிட்டது. 3.02 என்னிடம் இருக்கிறது, நன்றாக ஓடுகிறது. இல்லாதது எங்கள் நிரல்கள்தான். ஆசிரியர் தன் கையெழுத்தில் எங்கள் வகுப்பின் பெயரை எழுதி ஒட்டிய கருப்பு ஃபிளாப்பி ஒன்று இருந்தது. நம்மில் யாராவது அதைப் பத்திரமாக வைத்திருந்தால் நம் முன்னாள் மாணவர் சங்கச் செயலாளரிடம் ஒரு சொல் சொல்லுங்கள். அதிலிருந்து படித்தெடுக்கும் கருவி என்னிடம் உண்டு, நானே நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.